யார் கொடுத்த பழக்கம் இது?
கோரிமேட்டு நர்ஸிங் விடுதிகளும் உறங்காத போன்களும்

நீங்கள் போனுக்கு அடிமையா என்று கேட்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் போனில்தான் வருகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பு விழும். ‘இன்றிரவுக்குள் நிரப்பவும்’ என்று கூடவே ஒரு வரி இருக்கும். எம்.எஸ்சி. படிக்கும் அக்கா ஒருவரின் ஆய்வேட்டுக்காகவோ, இறுதியாண்டு பி.எஸ்சி. மாணவிகளின் குழு ஆய்வுக்காகவோ அது வந்திருக்கும். ஸ்மார்ட்போன் பழக்கமும் மனநலமும் என்பது இந்திய நர்ஸிங் கல்லூரிகளில் பழகித் தேய்ந்த ஆய்வுத் தலைப்பு. ஆட்களைத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை, பக்கத்து வகுப்பிலேயே நூறு பேர் கிடைப்பார்கள்.

பெரும்பாலும் கையில் எடுக்கப்படும் அளவுகோலும் ஒன்றே. பத்தே கேள்விகள். போனால் செய்ய நினைத்த வேலை தள்ளிப்போகிறதா, மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கின்றனவா, போன் கையில் இல்லாவிட்டால் தவிப்பு வருகிறதா, நினைத்ததைவிட அதிக நேரம் பார்க்கிறீர்களா, எந்நேரமும் போனா என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண் உண்டு. கூட்டினால் குறைந்தது 10, அதிகபட்சம் 60. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்று கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டினால் ‘அடிமையாதல்’ என்ற கட்டத்தில் பெயர் விழும்.

இந்தக் கோடு எங்கே போடப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தென்கொரியாவில் மின் குவோன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட அளவுகோல் அது. 31, 33 என்ற எண்கள் அங்கே 540 நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவர்களின் சராசரி வயது பதினான்கரை. காலை ஏழு மணிக்கு வார்டில் நின்று, தெரியாத பெரியவர் ஒருவரின் புண்ணுக்குக் கட்டுப்போடும் இருபது வயதுப் பெண்ணை அந்தக் கோட்டின் பக்கத்தில் நிறுத்தித்தான் அளக்கிறோம். கேள்விகளில் ஒன்று ட்விட்டரையும் பேஸ்புக்கையும் அடிக்கடி திறந்து பார்ப்பீர்களா என்று கேட்கிறது. இன்ஸ்டாகிராம் காலத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் அதை நிரப்ப வேண்டும்.

அளவுகோல் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. அது சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு நாம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்பதுதான் இங்கே விஷயம்.

மேட்டில் ஒரு மருத்துவ ஊர்

திண்டிவனம் சாலையில் வரும் பேருந்து தமிழக எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்ததும் பாதிப் பேர் இறங்கிவிடும் இடம் கோரிமேடு. கையில் எக்ஸ்ரே உறை, பழைய சீட்டுகள் திணித்த மஞ்சள் பை, இடுப்பில் குழந்தை. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்கள் எல்லாம் ஜிப்மர் வாசலில் வந்து நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் இது. 1964இல் ஜவாஹர்லால் நேரு பெயரோடு இந்தச் செம்மண் மேட்டில் நிலைகொண்டது, 2008இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. பி.எஸ்சி. நர்ஸிங் இங்கே 2006 முதல் நடக்கிறது. சற்றுத் தள்ளி இந்திரா நகரில் புதுச்சேரி அரசின் அன்னை தெரசா பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் நர்ஸிங் உண்டு. அரசு மார்பு நோய் மருத்துவமனை, பல் மருத்துவக் கல்லூரி, கொசுக்களை ஆராயும் மத்திய அரசு நிலையம் எல்லாமே நடந்து போகும் தூரத்தில்தான்.

புதுச்சேரி என்பது ஒட்டிக் கிடக்கும் ஒரே நிலம் அல்ல என்பது வெளியூர்க்காரர்களுக்கு மறந்துபோகும். காரைக்காலிலிருந்து வருகிற பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்விடலாம். மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் ஆந்திரத்தில், அதைவிடத் தொலைவு. ஜிப்மருக்கோ நீட் மதிப்பெண்ணை வைத்து நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வருவார்கள். ஒரே அறையில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் படுத்திருக்கும். நோயாளியோ வட தமிழகத்து வட்டார வழக்கில் ‘வவுறு உப்பிக்குது சிஸ்டர்’ என்பார். அந்த நேரத்தில் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து அர்த்தம் தேடும் மாணவியை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

அவள் போனுக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் ரீல்ஸ் அதில் ஒரு பங்குதான். நாளைக்கு எந்த வார்டில் போஸ்டிங் என்பது இருக்கிறது. மேடம் அனுப்பிய வகுப்புக் குறிப்புகள் இருக்கின்றன. கனத்த மருந்தியல் புத்தகம் பி.டி.எஃப். ஆக இருக்கிறது. கேர் பிளான் எழுதப் போன வருஷத்து சீனியர் எடுத்து அனுப்பிய நோட்டுப் படங்கள் இருக்கின்றன. ஸ்காலர்ஷிப்புக்கான ஓ.டி.பி. அதில்தான் வரும். மெஸ் பில் கட்டுவது அதில்தான். செவிலியர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கான யூடியூப் வகுப்பு, வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஓ.இ.டி. ஆங்கிலப் பயிற்சி, ஜெர்மன் மொழிப் பாடம் எல்லாம் அந்த ஐந்தங்குலக் கண்ணாடிக்குள். இதெல்லாம் போக, இரவு எட்டரை மணிக்கு ‘சாப்டியாடி? என்ன கொழம்பு? தட்டக் காட்டு’ என்று வீடியோவில் வரும் அம்மா.

நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் ஒரு பெண்ணுக்குத் தனி இடம் கட்டில் மட்டும்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு போர்வைக்குள் திரையை ஏற்றினால் அது ஓர் அறையாகிவிடுகிறது. அழ வேண்டுமென்றாலும் அங்கேதான். காதலனிடம் பேசவும் அங்கேதான். வார்டில் தன் கண்முன்னே ஒரு நோயாளி இறந்துபோன முதல் நாளின் இரவும் அங்கேதான் கழிகிறது. நர்ஸிங் மாணவிகள் மற்ற கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து வேறுபடும் இடம் இது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மரணத்தையும் மலத்தையும் ரத்தத்தையும் பார்க்கிறார்கள். பார்த்ததைப் பற்றி யாரும் அவர்களை உட்காரவைத்துப் பேசுவது அரிது. அடுத்த நாள் ரெக்கார்ட் முடித்தாயா என்பார்கள்.

கல்லூரி திறந்துவைத்த கதவு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விடுதிகளைக் காலி செய்து பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். அதுவரை வகுப்பில் போன் எடுத்தால் பறிமுதல் என்ற கல்லூரிகள், ஒரு மாதத்துக்குள் போன் இல்லாத மாணவிக்கு வருகைப் பதிவு இல்லை என்றன. ஊசி போடுவதையே வீடியோவில் பார்த்துக் கற்ற ஆண்டு அது. தொற்று அடங்கியது, விடுதிகள் திறந்தன, வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் கலையவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிவந்த டூட்டிப் பட்டியல் குழுவுக்குப் போனது. எப்போது வரும் என்று தெரியாது. இரவு பத்தே முக்காலுக்கு ‘நாளை காலை பேட்ச் பி, லேபர் வார்டு’ என்று வரலாம். பார்க்காமல் தூங்கிவிட்டவள் மறுநாள் தவறான வார்டில் போய் நின்று திட்டு வாங்குவாள். ஒருமுறை அப்படி வாங்கியவள் அதற்குப் பிறகு போனைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவாள்.

அவளிடம் போய், போனை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாயா, ஒன்று முதல் ஆறுக்குள் சொல் என்று கேட்டால் ஆறுதான் போடுவாள். மதிப்பெண் உயர்கிறது. உயர்த்தியது யார் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

இதற்குத் தைவானில் அருமையான ஒரு சான்று இருக்கிறது. போன் அதிராதபோதும் பையில் அதிர்வது போலத் தோன்றும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றின் ஊழியர்களிடம் 2010இல் கேட்டதில் 68 சதவீதத்தினர் அப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். தைவான் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், 74 பயிற்சி மருத்துவர்களை ஓராண்டுப் பயிற்சி முழுவதும் பின்தொடர்ந்தார்கள். பயிற்சிக்கு முன் 78 சதவீதத்தினருக்கு அந்தப் பொய் அதிர்வு இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது 96 சதவீதத்தை எட்டியது. பயிற்சி முடிந்த இரண்டே வாரத்தில் 50 ஆக இறங்கியது. 2013இல் வெளியான ஆய்வு அது. போன் அதே போன்தான், பையும் அதே பைதான். மாறியது, எந்த நிமிடமும் யாராவது கூப்பிடுவார்கள் என்ற வேலையின் கெடுபிடி. அது தளர்ந்ததும் உடம்பும் தளர்ந்தது.

விடுதிப் பெண்களின் பழக்கத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்த ஓர் ஆய்வைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது என்பேன்.

நோயா, நோயின் நிழலா

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு, வீடியோ விளையாட்டுக்கு அடிமையாவதை ஒரு கோளாறாக ஏற்றிருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் இல்லை. ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2019இல் 41 ஆய்வுகளை, ஏறத்தாழ 42,000 இளையவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கில் ஒருவருக்குப் போன் பழக்கம் பிரச்சினையாகும் அளவில் இருந்தது. அவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், தூக்கக்கேடு எல்லாம் கூடுதலாகத் தென்பட்டன.

எது முன்னால், எது பின்னால்? ஒரே நாளில் ஒரே படிவத்தில் இரண்டையும் கேட்கும் ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல இயலாது. போன் பார்த்ததால் சோர்ந்தாளா, சோர்ந்ததால் போனைத் தேடினாளா என்பதை அறிய மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். நம் ஊர் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரு நாள் படிவத்தோடு முடிந்துவிடுகின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று நாம் சொல்வதும் போன் பதிந்துவைத்திருப்பதும் சுமாராகத்தான் ஒத்துப்போகின்றன என்று 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். குற்ற உணர்ச்சி உள்ளவர் கூட்டிச் சொல்வார், மறைக்க நினைப்பவர் குறைத்துச் சொல்வார்.

தூக்கம்தான் இதில் என்னைக் கவலைப்படுத்துவது. பாஸ்டனில் 2015இல் வெளியான சிறிய பரிசோதனை ஒன்றில், 12 பேரைத் தூங்கப்போகும் முன் ஒளிரும் திரையிலும் அச்சிட்ட தாளிலும் மாறிமாறிப் படிக்கவைத்தார்கள். திரையில் படித்த நாட்களில், தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பு அடுத்த நாள் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் நைட் டூட்டி முடிந்து காலையில் வந்து படுக்கும் மாணவிக்கு ஏற்கெனவே உடற்கடிகாரம் குழம்பியிருக்கும். வெளியே வெயில், வராந்தாவில் வாளிச் சத்தம், அறைத்தோழிகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரம். கண்ணை மூடினால் தூக்கம் வராது, போனை எடுப்பாள். பதினொரு மணி ஆகிவிடும். அன்றிரவு மறுபடி டூட்டி.

வார்டுக்குள் வந்தால் கதை வேறு

இதுவரை மாணவியின் பக்கம் நின்று பேசினேன். கட்டிலில் படுத்திருப்பவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது.

செவிலியின் தொழிலில் மூலதனம் கவனம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய கையேட்டில் நோயாளியை உற்றுப் பார்ப்பதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கினார், நோயாளியைச் சுற்றி எழும் சத்தத்துக்கு இன்னொன்று. முகம் வெளுப்பது, மூச்சு சற்றே வேகமெடுப்பது, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேசாமலிருப்பது இவற்றையெல்லாம் மானிட்டருக்கு முன்பே பார்த்துவிடும் கண்தான் நல்ல நர்ஸின் கண். அந்தக் கண் பயிற்சியால் வருவது. மாணவப் பருவத்தில் வார்டில் நிற்கும் நேரமெல்லாம் அதற்குத்தான்.

சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை அருகிலிருந்து கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. 4,271 முறை மருந்து கொடுத்ததைப் பார்த்தார்கள். இடையில் ஒவ்வொரு முறை குறுக்கீடு வந்தபோதும் மருந்தில் தவறு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 சதவீதம் கூடியது. அங்கே குறுக்கீடு என்றது பெரும்பாலும் ஆட்கள் வந்து பேசுவதைத்தான், போனை மட்டும் அல்ல. ஆனால் கோட்டுப் பையில் அதிர்வதும் குறுக்கீடுதானே. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதலாண்டிலேயே மனப்பாடம் செய்த பிள்ளை, மூன்றாவதில் நிற்கும்போது பை அதிர்ந்தால் முதலாவதிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். தொடங்குவாளா?

அதனால் வார்டில் போன் வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியைகளின் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. நோயாளியின் புண்ணையோ கேஸ் ஷீட்டையோ படமெடுத்துத் தோழிக்கு அனுப்புவதை விளையாட்டென்று விடமுடியாது. கர்நாடகத்தின் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024 பிப்ரவரியில் மருத்துவமனை வளாகத்தில் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். இது போன்ற வார்டுகளில்தான், கொரோனா காலத்தில் யாரும் நெருங்க முடியாத நோயாளிகளுக்கு, கவச உடையில் வியர்த்துக்கொண்டு நின்ற செவிலியர்கள் போனைப் பிடித்துப் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

பூட்டு எதற்கு

வார்டில் வேண்டாம் என்பதை அப்படியே விடுதிக்குக் கொண்டுவருவதுதான் கோளாறு. வார்டன் இரவு நேரத்தில் போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டும் வழக்கம் தென்னிந்தியப் பெண்கள் விடுதிகளில் புதிதல்ல. ஆண்கள் விடுதியில் இந்தப் பூட்டைக் கேள்விப்படுவது அபூர்வம். கோழிக்கோடு மாவட்டத்துச் சேளன்னூர் கல்லூரி ஒன்றில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்றபோது ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையிலும் தனிமனித உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து அவரை விடுதியில் சேர்க்கச் சொன்னார். வயது வந்த மாணவியைக் குழந்தையாக நடத்தும் நிர்வாகங்களுக்கு அந்தத் தீர்ப்பை அச்சடித்துக் கொடுக்கலாம். இரவில் ஒரு வார்டையே அவளிடம் நம்பி ஒப்படைக்கிறோம், ஒரு போனை ஒப்படைக்க மாட்டோமா?

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. டூட்டிப் பட்டியலை வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மதியத்துக்குள், தாளில் ஒட்டிவிடலாம். மாலைக்குப் பின் கல்லூரிக் குழுக்களில் யாரும் எதுவும் போடக்கூடாது என்று முதல்வரே உத்தரவிடலாம், முதலில் அது ஆசிரியைகளுக்குப் பொருந்தட்டும். வார்டு வாசலில் பெயர் ஒட்டிய சிறு பெட்டிகள் வைத்து, நர்ஸிங் ஸ்டேஷனின் தொலைபேசி எண்ணை எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிட்டால் அவசரத்துக்குக் கூப்பிட வழி இருக்கிறது என்ற நிம்மதியில் பாதிப் பேர் தாமாகவே போனை வைத்துவிடுவார்கள். நைட் டூட்டி பார்த்தவர்கள் பகலில் தூங்க இருட்டான ஓர் அறை. வீட்டோடு பேச, அழ, கதவு சாத்தக்கூடிய இன்னோர் அறை. முதல் மரணத்தைப் பார்த்த வாரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஒரு மேடம்.

உண்மையிலேயே கைமீறிப் போனவர்களும் இருக்கிறார்கள். தூங்காமல், தேர்வு எழுதாமல், சாப்பிடாமல் திரைக்குள் போய்விட்டவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. போனைப் பிடுங்குவது அங்கே சிகிச்சை இல்லை. தூக்கம், தனிமை, சோர்வு எதை நிரப்ப அந்தத் திரை தேவைப்பட்டது என்று தேடிப்போவதுதான் சிகிச்சை. கோரிமேட்டு மாணவிக்கு மனநலப் பிரிவு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. போவாளா என்றால், தயங்குவாள். அந்த ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர் அவளுக்கு வகுப்பெடுத்தவராக இருக்கலாம், சீட்டு எழுதுபவர் அவளோடு போஸ்டிங் பார்த்தவராக இருக்கலாம். மனநல நர்ஸிங்கைப் பாடமாகப் படித்து, அந்த வார்டில் பயிற்சியும் முடித்த பெண் தன் பெயரில் அங்கே ஒரு சீட்டுப் போட அஞ்சுகிறாள் என்றால், அவளைவிட அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்குத்தான் அது பற்றி யோசனை வர வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று ஒரு தற்கொலை வழக்கில் கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், டெலி மானஸ் உதவி எண் விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும் என்கின்றன அவை. 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். ஆலோசகர் கல்லூரியின் ஊழியராக மட்டும் இல்லாமல், இன்டர்னல் மதிப்பெண் போடும் யாருக்கும் தகவல் சொல்லக் கடமைப்படாதவராக இருந்தால்தான் பிள்ளைகள் அவரிடம் போவார்கள். எண்ணை எங்கே ஒட்டுவது என்றால், முதல்வர் அறைக்கு வெளியே வேண்டாம். மெஸ்ஸுக்குப் போகும் வழியிலும் குளியலறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டட்டும், யாரும் பார்க்காதபோது குறித்துக்கொள்வார்கள். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடத் தோன்றினால் போன் அவள் கையில் இருக்க வேண்டும், வார்டனின் பெட்டியில் அல்ல.